யார் கையும் படாத இன்ஜின்

அவளுக்குச் சுருக்கக்கா என்ற பெயர் வயதினால் வந்ததல்ல, தொழிலினால் வந்தது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் இன்ஜின் தலையில் உட்கார்ந்திருக்கும் வால்வு கவருக்குச் சுருக்கப் பெயின்ட் என்று ஒன்று அடிப்பார்கள். முதலில் நெடுக்கே ஒரு பூச்சு, ஐந்து நிமிஷம் விட்டுக் குறுக்கே ஒன்று, பிறகு கோணலாக ஒன்று. மூன்றும் கெட்டியாக விழ வேண்டும், ஆனால் வழியக் கூடாது. அப்படியே எடுத்து மிதமான சூட்டில் வைத்தால், காய்ச்சிய பாலில் ஏடு கட்டுவது போல மேற்பரப்பு மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு பொடிப்பொடியாகச் சுருங்கும். சூடு கொஞ்சம் கூடினாலும் யானைத் தோலாகிவிடும். குறைந்தால் ஒரு பக்கம் சுருங்கி மறு பக்கம் மொழுமொழுவென்று நிற்கும். அந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"எல்லாப் பொம்பளைங்களும் சுருக்கம் போறதுக்குக் காசு குடுக்கறாங்க. சுருக்கம் வர வைக்கிறதுக்குக் காசு வாங்கற ஒரே பொம்பளை நீதான்" என்று அவள் கணவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவருக்கு. அவர் போய் நாலு வருஷமாகிவிட்டது. அவர் வைத்த பெயர் மட்டும் எல்லார் வாயிலும் நின்றுவிட்டது.

பட்டறை ஒரு காலத்தில் சலவைக் கடையாக இருந்த இடம். தரையெல்லாம் வெள்ளை ஓடு, நடுவில் தண்ணீர் போகச் சல்லடை போட்ட ஓட்டை. பெயின்ட் அடிக்கிற அறையின் தரையை அவள் எப்போதும் நனைத்தே வைத்திருப்பாள், தூசி எழும்பாது. அடுத்த அறையில் பாலிஷ் போடும் இயந்திரம், போல்ட் நட்டுகளுக்குத் துத்தநாக முலாம் பூசும் தொட்டி, யாரோ ஒருவரின் சமையலறையிலிருந்து ஓய்வு பெற்று வந்த பெரிய ஓவன். வாசலை ஒட்டிய மூலை மட்டும் சின்னவளுடையது: மேஜை, போன், இரண்டு பெரிய விளக்குகள், படம் எடுக்கப் பின்னால் தொங்கும் வெள்ளைத் துணி.

சின்னவள் அவளுடைய ஒரே தங்கை, எட்டு வயது இளையவள். வேலை அக்காவுக்கு, பேச்சு தங்கைக்கு என்று பதினோரு வருஷமாக நடக்கிற ஏற்பாடு. யாராவது வாசலில் தலையைக் காட்டினால் போதும், சுருக்கக்கா பிளாஸ்டிக் திரைக்குப் பின்னால் போய்விடுவாள். வெளி ஆட்களிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச வேண்டியிருந்தால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சின்னவளோ முறைத்துக்கொண்டு வருகிறவரையும் சிரிக்க வைத்து அனுப்புவாள். அவள் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் சுருக்கக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போடுவாள். "படிச்சுப் பாத்துப் போடுக்கா" என்று சின்னவள் சொன்னதும் உண்டு. "நீ படிச்சா போதாதா?" என்பாள்.

கணவர் இறந்தபோது சின்னவள் தன் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஒரு மாதம் அக்காவோடு வந்து இருந்தாள். தலை வாரிவிட்டாள். சாப்பாட்டை ஊட்டாத குறை. ஒரு பிற்பகல், இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, சுருக்கக்கா ஒரு விஷயம் சொன்னாள். அவர் கடைசியாகத் தண்ணீர் குடித்த டம்ளரை அவள் கழுவவில்லை. அலமாரியில் புடவைகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். விளிம்பில் உதடு பட்ட இடம் மங்கலாகத் தெரிகிறது.

"பைத்தியக்காரத்தனமா இருக்கில்ல?"

சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறு ஒருவரிடமும் சுருக்கக்கா அதைச் சொன்னதில்லை.

அந்த இன்ஜின் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மரப் பலகை மேல் உட்கார்ந்துகொண்டு வந்தது. ஆறு சிலிண்டர். அறுபது வயது தாண்டிய சிவப்பு இரண்டு சீட்டர் கார் ஒன்றினுடையது என்று சின்னவள் சொன்னாள். யாரோ முட்டாள் அதன் மேல் வெள்ளிப் பெயின்டை வாளியோடு கொட்டினாற்போல் அடித்து வைத்திருந்தான். போல்ட்டுகளில் பாதி வேறு எங்கிருந்தோ வந்தவை. சுருக்கக்கா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"மூணு வாரத்துல புதுசாக்கிடலாம்."

"புதுசாக்கக் கூடாதுக்கா. அதான் விஷயமே" என்றாள் சின்னவள். "பழசா இருக்கணும். ஃபாக்டரியில அடிச்ச பெயின்ட் இத்தனை வருஷத்துல எப்படி ஆகியிருக்குமோ அப்படி. யாரும் கை வைக்காத மாதிரி."

"அது எதுக்கு? புதுசாப் பண்றதுதானே நம்ம வேலை. பழசாகறது அதுவே ஆகும்."

சின்னவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். கார் ஒரு பெரியவருடையதாம். அவர் மனைவிதான் அதை ஓட்டுவாராம். எண்ணெய் பார்ப்பது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அந்த அம்மாவே. அந்த அம்மா இறந்த பிறகு பெரியவர் வண்டியை மெக்கானிக் ஒருவனிடம் விட்டிருக்கிறார். அவன் பெரியவருக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு இந்த வெள்ளிப் பெயின்டை அடித்துவிட்டான். காரின் முன்மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் பெரியவர் அங்கேயே உட்கார்ந்து அழுதாராம்.

"அவங்க கடைசியா ஓட்டின அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படி வேணும்னு கேக்கறாருக்கா. அந்தம்மா கடைசியாக் குடிச்ச கப்பைக்கூட இன்னும் கழுவாம வெச்சிருக்காராம், பாவம்."

சுருக்கக்கா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். தன்னைப் போல இன்னொரு ஆள் இருக்கிறார் என்பது ஒன்றுதான் அவளுக்குத் தோன்றியது. நாலு வருஷத்தில் முதல்முறையாகத் தான் பைத்தியம் இல்லை என்று ஓர் ஆறுதல் வந்தது.

"நான் பண்றேன்னு அவர் கிட்ட சொல்லு" என்றாள்.

இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் அவள் வேறு வேலை தொடவில்லை. வெள்ளிப் பெயின்டை ஒரு மூலை விடாமல் உரித்தாள். அடியில், போல்ட் துளை ஒன்றின் உள்விளிம்பில், பழைய பெயின்ட் நகக்கண் அளவுக்கு மிஞ்சியிருந்தது: சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். அதை வைத்துக்கொண்டு பதினான்கு முறை கலந்து பார்த்து அதே நிறத்தைப் பிடித்தாள். இன்ஜினின் இரும்பு உடலான பிளாக்குக்கு அதை அடித்துவிட்டு, புகைக் குழாய் பக்கம் மட்டும் சூட்டுக் காற்றை ஊதி ஊதிப் பச்சையைப் பழுப்பாக்கினாள். அந்தப் பக்கம்தானே இத்தனை வருஷம் வெந்திருக்கும். வால்வு கவர்களுக்குக் கறுப்புச் சுருக்கம் வைத்தாள். மேலே எழும்பி நிற்கும் எழுத்துகளை மட்டும் எமரித் தாளால் தேய்த்து அலுமினியத்தை வெளியே எடுத்தாள். பிறகு அதன் பளபளப்பைக் காஸ்டிக் சோடா நீரில் கழுவி மங்க வைத்தாள். பளபளப்பைக் கொண்டுவருவதற்கே பிறந்தவள் போல வாழ்ந்தவளுக்கு அதைக் கொல்ல முதலில் மனசே வரவில்லை. புது முலாம் பூசிய போல்ட்டுகளை மூடிய டப்பாவில் வினிகர் ஆவியில் வைத்து நரைக்க விட்டாள்.

எண்ணெய் ஊற்றும் மூடிக்கு வந்தபோது வேலையை நிறுத்திவிட்டு யோசித்தாள். மூடியை யார் திறந்திருப்பார்கள்? அந்த அம்மா. வலது கை. சின்னக் கை. கட்டைவிரல் இங்கே, ஆள்காட்டி விரல் அங்கே. மோதிரம் போட்டிருந்தால் இந்த விளிம்பில் உரசும். தன் கையையே மூடி மேல் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். விரல் பட்ட இடங்களில் மட்டும், ஒரு நாளைக்குக் கொஞ்சமாக, மெல்லிய துணியால் தேய்த்துப் பெயின்டைக் குறைத்தாள். மோதிரக் கீறல்களும் போட்டாள், ஏழு எட்டு, ஒன்றன் மேல் ஒன்றாக. வேலை செய்யச் செய்ய அந்த அம்மாவின் முகம்கூட அவளுக்குத் தெரிய ஆரம்பித்தது. கொஞ்சம் பிடிவாதக்காரி. யாரையும் வண்டியைத் தொட விட மாட்டாள். சிரித்தால் சத்தமாகச் சிரிப்பாள்.

கடைசி வாரத்தில் சின்னவள் பிளாக்கின் பக்கவாட்டில் இன்ஜின் எண் பொறித்த இடத்தைக் காட்டினாள். துருவைச் சுத்தம் பண்ண வெளியே கொடுத்திருந்ததாகவும், அவர்கள் ரொம்பப் பளிச்சென்று ஆக்கிவிட்டதாகவும் சொன்னாள். "பக்கத்துல இருக்கற இரும்போட சேந்து போற மாதிரி கறுக்க வெச்சிடுக்கா." சுருக்கக்கா கறுக்கும் திரவத்தைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். எண்களின் ஓரம் கூர்மையாக இருந்தது கையில் பட்டது. சுத்தம் செய்தால் அப்படி இருக்குமா என்று ஒரு நொடி தோன்றியது. ஆனால் சின்னவள் சொன்னதைத் துருவிக் கேட்டு அவளுக்குப் பழக்கமே இல்லை.

இன்ஜின் போய்ப் பத்து நாள் கழித்துத்தான் மேஜைக்கு அடியில், ரப்பர் குழாய்களை இறுக்கும் இரண்டு ஹோஸ் கிளிப்புகள் கிடப்பதை அவள் பார்த்தாள். நரைக்க வைத்து, எண்ணெய் தடவி, காகிதத்தில் சுற்றி வைத்தவை. பூட்ட மறந்திருக்கிறாள். போன் செய்தால் சின்னவள் எடுக்கவில்லை. கார் எங்கே நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். விற்பனைக் கூடங்கள் வரிசையாக இருக்கும் தெருவில் ஒரு வாடகைக் கூடம்; அங்கே வைத்துத்தான் இன்ஜினைக் காரில் பூட்டுவதாகச் சின்னவள் சொல்லியிருந்தாள். அந்தப் பெரியவரை ஒருமுறை தூரத்திலிருந்தாவது பார்க்கலாமே என்ற ஆசையும் உள்ளே இருந்தது. நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு பதினொரு மணி வாக்கில் போனாள்.

கூடத்தின் நடுவே கார் முன்மூடி திறந்து நின்றது. சின்னவள் அருகில் இருந்தாள். நரைத்த மனிதர் ஒருவர் இடுப்பில் கை வைத்துக் குனிந்திருந்தார், பக்கத்தில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி. இவர்தான் அந்தப் பெரியவர் என்று சுருக்கக்கா நினைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவர் சொன்னது காதில் விழுந்தது.

"அப்போ ஒரே ஓனர். இதே இன்ஜின். ஒரு தடவைகூடப் பிரிக்கலை?"

"ஸ்பேனரே படலை சார்" என்றாள் சின்னவள். "நாப்பது வருஷம் ஷெட்டுல பூட்டிக் கிடந்துச்சு. நாங்க தூசி மட்டும்தான் தட்டினோம். இதுல இருக்கற பெயின்ட் எல்லாம் ஃபாக்டரியில அடிச்சது."

"இந்த எண்ணெய் மூடியைப் பாரும்மா" என்று அவர் தன் மகளிடம் சொன்னார். "யாரோ ஒருத்தர் ஆசையா பாத்துக்கிட்ட வண்டி. இந்தத் தேய்மானத்தை எல்லாம் யாராலயும் பண்ண முடியாது."

சுருக்கக்கா வாசலிலேயே நின்றாள். கையில் காகிதப் பொட்டலம். சின்னவள் திரும்பினாள், பார்த்தாள். கண் இமைக்கும் நேரம்தான் முகம் வெளிறியது. அடுத்த நொடி இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு வந்தாள்.

"வாங்க மேடம், வாங்க! சார், நான் சொன்னேன்ல, இவங்கதான். இன்ஜினைப் பாத்து எழுதிக் குடுத்த பெயின்ட் எக்ஸ்பர்ட். நமக்கும் இவங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவங்க பாட்டுக்கு வந்து பாத்து உள்ளதை உள்ளபடி எழுதிக் குடுத்தாங்க."

நரைத்தவர் முகம் மலர்ந்தது. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். அடியில் அவளுடைய கையெழுத்து.

"உங்க வேலையைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன்மா. உங்க லெட்டரைப் பாத்துத்தான் வந்தேன். இல்லைன்னா நம்பியிருக்க மாட்டேன். எல்லாம் ஒரிஜினல்தானே?"

மேடம். தூக்கி வளர்த்தவளை, தலை வாரிவிட்ட கையாலேயே வணக்கம் போட்டு, மேடம். அந்த ஒரு வார்த்தை காதுக்குள் போய் அடைத்துக்கொண்டது. மற்றதெல்லாம் எங்கோ கிணற்றுக்குள் கேட்பது போலிருந்தது. சின்னவளின் கண்கள் அவளைக் கெஞ்சின. சுருக்கக்கா தலையாட்டினாள்.

பிறகு எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. பொட்டலம் கையிலேயே இருந்தது.

சாயங்காலம் சின்னவள் பட்டறைக்கு வந்தாள். முகத்தில் சிரிப்புதான்.

"நல்ல வேளை, மானத்தைக் காப்பாத்தினேக்கா. நீ பாட்டுக்கு வந்து நிக்கறே, எனக்கு உயிரே போயிடுச்சு. போன் பண்ணிட்டு வரக் கூடாதா?"

"பண்ணினேன். நீ எடுக்கலை."

"சரி விடு. அவர் பல் டாக்டர், ரிட்டயர் ஆயிட்டார். அட்வான்ஸ் குடுத்துட்டார். வர்ற வாரம் வண்டி போயிடும்."

சுருக்கக்கா பாலிஷ் இயந்திரத்தை நிறுத்தினாள். சக்கரம் சுற்றி அடங்கும் வரை காத்திருந்தாள்.

"அந்தப் பெரியவர் என்ன ஆனார்?"

"எந்தப் பெரியவர்?"

சின்னவள் முகத்தில் இருந்தது உண்மையான குழப்பம். நடித்திருந்தால்கூடச் சுருக்கக்கா பொறுத்திருப்பாள். அவளுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. இரண்டு மாதம் அக்கா கூடவே வாழ்ந்த அந்த மனிதரை, அந்த அம்மாவை, சொன்ன நிமிஷமே அவள் மறந்துவிட்டிருந்தாள்.

"ஓ, அதுவா..." ஞாபகம் வந்ததும் சின்னவள் கண்ணைத் தாழ்த்தினாள். "வேற எப்படிக்கா உன்னைச் செய்ய வைக்கிறது? நேரா சொன்னா நீ நூறு கேள்வி கேப்பே. வண்டியை நானும் புரோக்கரும் சேந்து வாங்கிட்டோம். அதோட இன்ஜின் எப்பவோ போயிடுச்சு, இது வேற வண்டியோடது. அப்படியே சொல்லி வித்தா போட்டதுகூட வராது."

"நம்பரு?"

"பழசை ராவிட்டு அந்த வண்டியோட நம்பரை அடிச்சதுதான்."

"அதை நான் கறுக்க வெச்சேன்."

"யாருக்கு என்ன கெட்டுப் போச்சு சொல்லு. அந்த ஆளு எவ்வளவு சந்தோஷமாப் போனாரு பாத்தியா?"

சுருக்கக்காவுக்கு அதெல்லாம் தூரத்தில் கேட்டது. அவள் வேறொன்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கப்பு. கழுவாம வெச்சிருக்கற கப்பு. அது என்னோடது."

சின்னவள் கையிலிருந்த போனை மேஜை மேல் வைத்தாள்.

"என் டம்ளரை எடுத்து எனக்கே கதையாக் குடுத்திருக்கே. நான் அழுவேன்னு உனக்குத் தெரியும். என்னை மாதிரி ஒரு ஆள் இருக்காருன்னு நான் நெனைச்சேன்டி. ரெண்டு மாசம் நெனைச்சேன்."

"அக்கா, அது வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். திட்டம் போட்டெல்லாம் சொல்லலை."

"அப்போ இன்னும் மோசம்" என்றாள் சுருக்கக்கா. கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போய்விட்டாள்.

இரண்டு நாள் பட்டறை பக்கம் அவள் போகவில்லை. மூன்றாம் நாள் காலை டாக்டரின் முகவரியை விசாரித்துக்கொண்டு போனாள். மாடிப்படியில் இரண்டு முறை திரும்பி இறங்கினாள். மூன்றாம் முறை மணியை அழுத்திவிட்டாள்; அழுத்திவிட்ட பிறகு ஓட முடியாதல்லவா?

டாக்டர் அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"கமிஷன் விஷயமா வந்தீங்களா?"

"என்ன கமிஷன் சார்?"

"அந்தப் பொண்ணு போன் பண்ணிச்சு. நீங்க கமிஷன் கேட்டீங்களாம், தரலையாம். இன்ஜின் டூப்ளிகேட்னு கிளப்பிவிடப் போறீங்க, வந்தா நம்பாதீங்கன்னு சொல்லிச்சு."

சுருக்கக்கா கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். மேடம் என்று அழைத்ததோடு முடிந்தது என்று நினைத்திருந்தாள். நாக்கு வழக்கம்போல் ஒட்டியது. பேசாமல் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் கால் நகரவில்லை.

"அவ... அவ என் கூடப் பிறந்தவ சார்."

டாக்டரின் மகள் உள்ளேயிருந்து வந்து அவள் முகத்தையே பார்த்தாள். "ஆமாப்பா" என்றாள் மெதுவாக. "ரெண்டு பேருக்கும் ஒரே நெத்தி. அன்னிக்கே எனக்கு என்னவோ தோணுச்சு."

மறுநாள் காலை பத்து மணிக்குக் கூடத்தில் நாலு பேரும் நின்றார்கள். சின்னவள் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். சுருக்கக்கா பையிலிருந்து துரு நீக்கும் திரவத்தையும் பஞ்சையும் எடுத்தாள். "இதுல கை வைக்கக் கூடாது, இது ஒரிஜினல் பீஸ்" என்று சின்னவள் பாதிக் குரலில் சொன்னாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

பஞ்சை நனைத்து எண்களின் மேல் வைத்து முப்பது வரை எண்ணினாள். துடைத்தாள். கறுப்பெல்லாம் பஞ்சோடு வந்தது. அடியில் இரும்பு, நேற்று வெட்டியது போல வெளுப்பாக மின்னியது. சுற்றிலும் அரம் போட்டு ராவிய கோடுகள்.

டாக்டர் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"நாப்பது வருஷம் பல்லு ராவினவன் நான்" என்றார். "இது ராவினதுதான்." நிமிர்ந்து எண்ணெய் மூடியைக் காட்டினார். "அப்போ இது?"

"நான் பண்ணது."

"இந்த மோதிரக் கீறல்?"

"அதுவும்தான் சார்."

"ஒரு அம்மா அடிக்கடி திறந்து பாத்த மாதிரி இருக்குன்னு ராத்திரி எல்லாம் நெனைச்சுக்கிட்டே படுத்திருந்தேன்" என்றார் அவர்.

"அப்படி ஒருத்தர் இல்லை சார்."

அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. டாக்டர் கண்ணாடியை மடித்துப் பையில் போட்டார்.

"அன்னிக்கு ஏம்மா தலையாட்டினீங்க?"

"அவ என்னை மேடம்னு கூப்பிட்டா சார். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் ஓடலை."

அவர் அவளை நம்பினாரா, மன்னித்தாரா என்று தெரியவில்லை. "உங்க கை நல்ல கைம்மா. ஆனா இனிமே உங்க லெட்டரை நான் நம்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மகளோடு வெளியே போனார். கூடத்தில் அக்காவும் தங்கையும் மட்டும் மிஞ்சினார்கள்.

"அக்கா" என்றாள் சின்னவள்.

சுருக்கக்கா பஞ்சைப் பையில் போட்டு மூடிக்கொண்டு வந்துவிட்டாள்.

டாக்டர் கொடுத்த அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டார். மகள் போலீசுக்குப் போகலாம் என்றாளாம். அவருக்கு அலைய மனமில்லை. புரோக்கர் ஒருமுறை பட்டறை வாசலில் வந்து நின்று கத்திவிட்டுப் போனான். கார் பிறகு தொலைவில் யாருக்கோ விற்றுப்போனதாகக் காதில் விழுந்தது. என்ன சொல்லி விற்றார்கள் என்று அவளுக்குத் தெரியாது. இன்ஜின் மேல் அவள் வேலை அப்படியே இருக்கிறது. எண்ணை மட்டும் யாராவது மறுபடி கறுக்க வைத்திருப்பார்கள். அதற்கு அவள் வேண்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவள் தன் சாமான்களை எடுக்க வந்தாள். விளக்குகளைக் கழற்றினாள். வெள்ளைத் துணியைச் சுருட்டினாள். சுருக்கக்கா முலாம் தொட்டியின் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, எண்ணியதையே திரும்பத் திரும்ப எண்ணி போல்ட்டுகளைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தாள்.

"ஊர் பேர் தெரியாத ஒரு ஆளுக்காக என்னைக் காட்டிக்குடுத்துட்டே" என்றாள் சின்னவள்.

சுருக்கக்கா அடுத்த போல்ட்டை எடுத்துக் கோத்தாள்.

"ஒரு மாசம் உன் பக்கத்துலயே படுத்திருந்தேன். தலை வாரிவிட்டேன். அதுவும் பொய்யின்னு நெனைக்கிறியா?"

சுருக்கக்கா திரும்பினாள். தங்கையின் கண் கலங்கியிருந்தது. முன்பெல்லாம் அந்தக் கண் கலங்கினால் இவளும் அழுதுவிடுவாள்.

"தெரியலை" என்றாள். "நாலு நாளா அதைத்தான் யோசிக்கறேன். அது நிஜமாத்தான் இருக்கும். ஆனா எனக்கு இப்போ பிரிச்சுப் பாக்கத் தெரியலைடி. அதுதான் முடியலை."

சின்னவள் ஒரு விளக்கைத் தூக்கிக்கொண்டு போனாள். இரண்டாவது விளக்குக்குத் திரும்பி வந்தபோது சுருக்கக்கா மறுபடி போல்ட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு போனைச் சுருக்கக்காவே எடுக்க வேண்டியதாயிற்று. முதல் மாதம் மணி நாலைந்து முறை அடித்த பிறகுதான் எடுத்தாள். விலை சொல்லத் திணறினாள். இரண்டு மூன்று பேர் குழம்பிப்போய் வைத்துவிட்டார்கள். மெல்ல மெல்லப் பழகிற்று. என்ன வண்டி, யார் பெயரில் இருக்கிறது, இன்ஜின் அதோடு வந்ததா, விற்கப் போகிறீர்களா என்று வரிசையாகக் கேட்கவும், காகிதங்களை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படிக்கவும் கற்றுக்கொண்டாள். படித்துப் பார்க்காமல் ஒரு ரசீதில்கூடக் கையெழுத்துப் போடுவதில்லை.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலை, இருபத்தைந்து வயதிருக்கும் பெண் ஒருத்தி துண்டில் சுற்றிய வால்வு கவரைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். மேஜை மேல் வைத்துத் துண்டைப் பிரித்தாள். பெயின்ட் பாதி உதிர்ந்து, அலுமினியம் புள்ளி புள்ளியாக அரித்திருந்தது. காகிதங்களைக் கேட்பதற்கு முன்பே நீட்டினாள். எல்லாம் சரியாக இருந்தன.

"இது எங்கப்பாவோடது ஆண்ட்டி" என்று அவள் ஆரம்பித்தாள். "அவர் போன வருஷம்..."

"கதை வேண்டாம்மா" என்றாள் சுருக்கக்கா. "கலர் மட்டும் சொல்லுங்க."

பெண் முகம் சுருங்கிப்போனது. கறுப்பு என்றாள். எப்போது வரட்டும் என்று கேட்டாள். ரசீதை வாங்கிக்கொண்டு, குடையை விரிக்க மறந்து, தூறலிலேயே இறங்கி நடந்தாள்.

அவள் சொல்ல வந்தது முழுக்க உண்மையாக இருக்கலாம். சுருக்கக்காவுக்கு அது தெரிந்தே இருந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் அந்தப் பெண் போய்க்கொண்டிருந்தாள். சுருக்கக்கா வாசல் வரை எழுந்து வந்தாள். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போய்க் கவரை எடுத்து, உரிக்கும் மருந்தைத் தடவ ஆரம்பித்தாள்.